செல்லப்பிராணி மருந்தும் விலங்குச் சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய், பூனை வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவ மாணவர்கள், மருந்துக் கடைக்காரர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை போகப் போக. ஆடு, மாடு, கோழி மருந்துகள் ஓரிடம் தவிர இங்கே வராது. பாலிலும் இறைச்சியிலும் தங்கும் மருந்து எச்சம் பற்றிய கணக்கு அவற்றுக்குத் தனியாக உண்டு.

1. நாய்க்குக் கொடுக்கிற மருந்தை எதுக்கு நாய்கிட்டயே டெஸ்ட் பண்றாங்க? எலி போதாதா?

போதாது. எலிக்கு ஒத்துக்கொண்டது நாய்க்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நாய்க்கு ஒத்துக்கொண்டது பூனைக்கு விஷமாகலாம். பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். மனித உடல் அதைக் கல்லீரலில் குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். அந்த வேலையைச் செய்யும் நொதிக்கான மரபணு பூனைக்குப் பழுதாகிக் கிடக்கிறது. 500 மி.கி. மாத்திரை ஒன்று 4 கிலோ பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். நாய்களுக்கான சில உண்ணிச் சொட்டு மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரினும் இப்படித்தான்: நாய்க்கு ஒன்றும் ஆகாது, பூனைக்கு வலிப்பு வரும்.

அதனால் எந்த விலங்குக்கு விற்கப் போகிறார்களோ அந்த விலங்கிலேயே சோதித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மனித மருந்துச் சோதனையில் விலங்கு மனிதனுக்குப் பதிலாள். இங்கே நாய்க்கு நாயே. இதனால் அறம் பற்றிய வாதம் எளிதாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எளிதாவதில்லை; 18-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

2. சரி, டெஸ்ட்னா சரியா என்னதான் செய்வாங்க? கடைசியில கொன்னுடுவாங்களா?

சோதனையைப் பொறுத்தது. முதல் கட்டம் எலி, முயல், செல்கள். மருந்தைக் கையாளும் வளர்ப்பவரின் தோலிலோ கண்ணிலோ பட்டால் என்ன ஆகும், கருவைப் பாதிக்குமா என்பதெல்லாம் இதில் பார்க்கப்படும்.

இரண்டாம் கட்டம் ஆரோக்கியமான நாய்களில். மருந்து ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று அறிய, நேரம் வைத்து ரத்தம் எடுப்பார்கள். நாய்க்கு ரத்தம் கிலோவுக்கு ஏறத்தாழ 85 மி.லி.; 10 கிலோ நாய்க்கு 850. ஒரே தடவையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. இதில் நாய் சாவதில்லை. அடுத்து வரும் பாதுகாப்புச் சோதனைதான் கடுமையானது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் சேர்ந்து 1996-இல் தொடங்கிய விஐசிஎச் என்ற கூட்டமைப்பின் 43-ஆம் வழிகாட்டி அதற்கு அளவுகோல். குழுவுக்கு 4 ஆண், 4 பெண் என்று நான்கு குழுக்கள், மொத்தம் 32 நாய்கள். ஒரு குழுவுக்கு மருந்து கிடையாது. மற்ற மூன்றுக்கும் முறையே சிபாரிசு அளவு, அதைப்போல் 3 மடங்கு, 5 மடங்கு. கொடுக்கும் நாட்களும் வழக்கமாக மூன்று மடங்கு. கடைசியில் உறுப்புகளைத் திசுவாய்வு செய்ய வேண்டுமென்றால் பென்டோபார்பிட்டல் ஊசி போட்டுக் கொன்றுதான் பார்க்க முடியும். மருந்தின் நச்சுக்குணம் முன்பே நன்றாகத் தெரிந்திருந்தால், ரத்தம், சிறுநீர், உடல் பரிசோதனையோடு முடித்துக்கொள்ள அனுமதி கேட்க இடமுண்டு.

மூன்றாம் கட்டம், நோய் வந்த வீட்டு நாய்களில், வளர்ப்பவரின் சம்மதத்தோடு. அதை 14-இல் பார்க்கலாம்.

3. அஞ்சு மடங்கு டோஸ் கொடுக்கிறது கொடுமை இல்லையா? நிஜத்துல யாரு அப்படிக் கொடுப்பாங்க?

நிறையப் பேர் கொடுக்கிறார்கள், தெரியாமலே. 4 முதல் 10 கிலோ வரைக்கும் ஒரே மாத்திரை என்று அட்டையில் இருந்தால், 4 கிலோ நாய்க்குப் போவது 10 கிலோ நாய்க்குப் போவதைப்போல் இரண்டரை மடங்கு. எடை பார்க்காமல் குத்துமதிப்பாகக் கொடுப்பது, கணவனும் மனைவியும் தனித்தனியாக இரண்டு தடவை கொடுத்துவிடுவது, இறைச்சி வாசனை போட்ட மாத்திரையை நாய் அட்டையோடு மென்றுவிடுவது என்று சேர்த்தால் ஐந்து மடங்கு தூரத்தில் இல்லை.

இந்தச் சோதனையால் கிடைத்த பலனுக்கு ஒக்லாசிட்டினிப் என்ற அரிப்பு மருந்து சாட்சி. 6 மாத நாய்களுக்கு 3 மடங்கும் 5 மடங்கும் கொடுத்தபோது நிமோனியாவும் உடலெங்கும் டெமோடெக்ஸ் சொறியும் வந்து, நான்காம் மாதத்தில் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. 12 மாதத்துக்குக் குறைந்த நாய்க்குக் கொடுக்காதீர்கள் என்று இன்று அதன் அட்டையில் இருப்பது அங்கிருந்து வந்தது. அந்த எச்சரிக்கைக்கு விலை கொடுத்தவை அந்தக் குட்டிகள். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதுதான் தவறு.

4. ஏன் எப்பப் பாத்தாலும் பீகிள்?

பீகிள் ஆய்வகங்கள் அதிகம் பயன்படுத்தும் நாய் இனம். 9 முதல் 12 கிலோ எடை, கூட்டமாக வாழும் குணம், குட்டை முடி, ஊசி போட்டாலும் கடிக்காத சாது சுபாவம். கடைசிக் காரணம் சங்கடமானது: எதிர்த்துக் கடிக்காததாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஒரே இனத்தைப் பயன்படுத்துவதால் பழைய தரவோடு ஒப்பிடவும் வசதி. இந்த வசதிக்கு உள்ள குறையை 10-இல் சொல்கிறோம்.

5. தெருநாயைப் பிடிச்சிட்டுப் போய் லேப்ல டெஸ்ட் பண்றாங்கன்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா?

இந்தியச் சட்டப்படி சோதனைக்கு வாங்கும் விலங்கு பதிவு பெற்ற வளர்ப்பு நிலையத்திலிருந்து வர வேண்டும். அது ஒருபுறம் இருக்க, தெருநாய் ஆய்வுக்கே உதவாது. வயது தெரியாது, ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம், குடலில் புழு இருக்கும். எது மருந்தால் வந்தது, எது முன்பே இருந்தது என்று பிரிக்க முடியாது. தெருவில் நாய் பிடிக்கும் வண்டி பெரும்பாலும் கருத்தடை அறுவைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் வருவது.

இந்தப் பயத்துக்கு வேறொரு நாட்டில் நிஜமான வரலாறு உண்டு. 1965-இல் அமெரிக்காவில் பெப்பர் என்ற வீட்டு டால்மேஷன் நாய் காணாமல் போய், கடைசியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் செத்துப்போனது தெரியவந்தது. அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் 1966-இல் அங்கே விலங்கு நலச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

6. நம்ம நாட்டுல இதுக்கு யாரு பர்மிஷன் கொடுக்கிறது?

1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, மனிதர், விலங்கு, தாவரம் எதன் நோயை எதிர்க்கவும் சோதனை செய்வதைக் குற்றமாக்கவில்லை. அதைக் கண்காணிக்க 15-ஆம் பிரிவின்படி மத்திய அரசு அமைத்த குழு உண்டு. பல்லாண்டு சிபிசிஎஸ்இஏ என்று அழைக்கப்பட்டது, இப்போது சிசிஎஸ்இஏ. ஒவ்வொரு ஆய்வு நிறுவனமும் அதில் பதிவு செய்து, தனக்குள் ஒரு விலங்கு நெறிமுறைக் குழு வைத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் விஞ்ஞானிகளோடு, கால்நடை மருத்துவர், வெளி நிறுவன விஞ்ஞானி, விஞ்ஞானி அல்லாத ஒருவர், மத்தியக் குழுவின் பிரதிநிதி ஆகியோர் அதில் உட்கார வேண்டும். எலி, முயலுக்கு இந்த உள்குழுவின் ஒப்புதல் போதும். நாய், பூனை என்றால் கோப்பு மத்தியக் குழுவுக்குப் போக வேண்டும்.

17-ஆம் பிரிவு நல்ல விஷயங்களைச் சொல்கிறது: சிறிய விலங்கில் முடியும் என்றால் பெரிய விலங்கைத் தொடாதே, கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை செய்யாதே. ஆனால் 20-ஆம் பிரிவில் மீறியவருக்கு அபராதம் 200 ரூபாய்வரை. 1960-இல் எழுதிய தொகை. நிறுவனங்கள் உண்மையில் அஞ்சுவது பதிவு ரத்தாகிவிடுமோ என்றுதான், இந்த அபராதத்துக்கு அல்ல.

7. காஸ்மெட்டிக்ஸுக்குத் தடை வந்தாச்சே, மருந்துக்கு ஏன் வரல?

அழகுசாதனப் பொருளை விலங்கில் சோதிப்பதையும், அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்வதையும் இந்தியா 2014-இல் தடை செய்தது. உதட்டுச் சாயம் இல்லாவிட்டால் உயிர் போகாது. தோல், கண் எரிச்சலைப் பார்க்க மாற்றுவழிகளும் தயாராக இருந்தன.

2023 மார்ச்சில் இந்திய விதிகளும், 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டமும் விலங்குச் சோதனைக்குப் பதில் வேறு முறைகளை ஏற்க வழிவிட்டன. செய்தியில் இதைப் படித்துவிட்டு நாய் மருந்துக்கும் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். இரண்டும் மனித மருந்துகளுக்கானவை. மனித மருந்தில் விலங்கை விலக்கினாலும் கடைசியில் மனிதனிடம் சோதித்தே தீருவார்கள். அதே நியாயத்தை நாய் மருந்தில் வைத்தால் கடைசியில் வந்து நிற்பது நாயிடம்தான்.

8. உண்ணி மருந்து, புழு மருந்து டெஸ்ட்தான் ரொம்ப மோசம்னு சொல்றாங்களே?

உண்ணி, தெள்ளுப்பூச்சிச் சோதனையில் நாய் சாவதில்லை. நாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 தெள்ளு அல்லது 50 உண்ணியை மேலே விட்டு, மருந்து கொடுத்து, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று சீப்பால் வாரி எண்ணுவார்கள். வாரம் தவறாமல் மறுபடி விடுவார்கள், மருந்து எத்தனை நாள் வேலை செய்கிறது என்று பார்க்க. ஐரோப்பாவில் தெள்ளுக்கு 95 விழுக்காடும் உண்ணிக்கு 90 விழுக்காடும் ஒழிந்தால்தான் ஏற்பார்கள். மருந்து கொடுக்காத குழு மாதக்கணக்கில் கடிபடும்.

புழு மருந்து வேறு கதை. குடலில் எத்தனை புழு மிச்சம் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் குடலைத் திறந்துதான் எண்ண வேண்டும் என்பது பழைய வழிமுறை. குழுவுக்குக் குறைந்தது 6 நாய்கள். மருந்து வாங்கிய நாயும் சாகும், ஒப்பிடுவதற்காக மருந்தே வாங்காத நாயும் சாகும். இதயப்புழுத் தடுப்பு மருந்தில் நாய்க்குப் பெரும்பாலும் 50 இளம்புழுக்களை ஊசியில் ஏற்றி, ஏறத்தாழ ஐந்து மாதம் காத்திருந்து, இதயத்தையும் நுரையீரல் நாளங்களையும் திறந்து எண்ணுவார்கள். முதிர்ந்த பெண்புழுவை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். இளசுகளையும் தனி ஆண்புழுவையும் காட்டாது. அதுதான் அறுப்பதற்குச் சொல்லும் காரணம்.

எந்தக் குடும்பத்திலும் முதல் மருந்துக்கு இத்தகைய சோதனைகளை ஒரு வகையில் நியாயப்படுத்தலாம். நான்காவது மருந்துக்கு? அஃபாக்ஸோலேனர் 2013, ஃப்ளூரலேனர் 2014, சரோலேனர் 2016, லோட்டிலேனர் 2018 என்று ஒரே குடும்பத்தின் நான்கு உண்ணி மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி வாங்கின. நான்கும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்பவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாய்கள். செல்லப்பிராணி மருந்துச் சோதனையில் நியாயம் மிகவும் மெலிந்து நிற்கும் இடம் இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

9. ரேபிஸ் தடுப்பூசியை எப்படி டெஸ்ட் பண்ணுவாங்க? நினைச்சாலே பயமா இருக்கு.

பயப்பட வேண்டிய விஷயம்தான். கொல்லப்பட்ட வைரஸ் தடுப்பூசிக்கு அமெரிக்க வேளாண் துறை விதி: 25 நாய்க்காவது ஊசி போட வேண்டும், 10 நாய்க்காவது போடாமல் வைக்க வேண்டும். பிறகு எல்லாவற்றுக்கும் வெறிநோய் வைரஸைச் செலுத்தி 90 நாள் கவனிக்க வேண்டும். ஊசி போடாத பத்தில் குறைந்தது 8 நோயில் விழ வேண்டும், இல்லாவிட்டால் வைரஸுக்கு வீரியம் போதாது என்று சோதனையே செல்லாது. ஊசி போட்ட 25-இல் 22 பிழைக்க வேண்டும். மூன்று ஆண்டு பாதுகாப்பு என்று அட்டையில் போட வேண்டுமானால், ஊசி போட்டு மூன்று ஆண்டு நாய்களை அடைத்து வளர்த்த பிறகே வைரஸைச் செலுத்த வேண்டும்.

இதில் குறைக்க முடிந்தது எது? நோயின் முதல் அறிகுறி உறுதியானதுமே கருணைக்கொலை செய்யலாம், கடைசி மூச்சுவரை காத்திருக்க வேண்டியதில்லை. புதிய தடுப்பூசிக்கு ஒரு தடவை நடக்கும் இந்தச் சோதனையை விட, தொகுதிக்குத் தொகுதி நடந்துவந்த சோதனைகளில்தான் பெரிய குறைப்பு சாத்தியமானது. ஒவ்வொரு தொகுதியின் வீரியத்தையும் சுண்டெலி மூளையில் வைரஸ் செலுத்திப் பார்ப்பது பழைய முறை. இப்போது ஐரோப்பாவில் எலிக்கு ஊசி போட்டு ரத்தத்தில் எதிர்ப்பொருளை அளந்தாலே போதும். தொகுதிதோறும் நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டுப் பாதுகாப்பு பார்க்கும் கட்டாயத்தை, மருந்துத் தர விதிகளின் நூலான ஐரோப்பிய மருந்தேடு 2013-இல் நீக்கியது. தயாரிப்பு முறை சீராக இருந்தால் அந்தச் சோதனை புதிதாக எதையும் காட்டவில்லை என்பது அனுபவம்.

10. இத்தனை டெஸ்ட் பண்ணியும் பக்கவிளைவு வருதே. அப்ப டெஸ்ட்டே வேஸ்ட்தானே?

எண்ணிக்கையைப் பாருங்கள். 300 நாய்க்குக் கொடுத்து ஒரு நாய்க்கும் வலிப்பு வரவில்லை என்றால், வலிப்பே வராது என்று பொருளல்ல. மூன்றை எண்ணிக்கையால் வகுங்கள்: 3/300, அதாவது நூற்றில் ஒன்றுவரை இன்னும் சாத்தியம் என்பதுதான் கணக்கு. பத்தாயிரத்தில் ஒரு நாய்க்கு வரும் விளைவை இதேபோல் விலக்க 30,000 நாய் வேண்டும். எந்த ஆய்வகத்திலும் அது நடக்காது, நடக்கவும் கூடாது. 8-இல் சொன்ன உண்ணி மருந்துக் குடும்பத்தால் சில நாய்களுக்கு வலிப்பும் தள்ளாட்டமும் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை பொது எச்சரிக்கை விட்டது 2018 செப்டம்பரில், மருந்துகள் சந்தைக்கு வந்து சில ஆண்டுகள் கழித்து.

இன்னொன்று, பீகிளில் எல்லா நாயும் அடங்காது. காலி (Collie) என்ற நாய் இனத்திலும் அதன் உறவினங்களிலும் எம்டிஆர்1 என்ற மரபணுக் கோளாறு சகஜம். மூளைக்குள் மருந்து நுழையாமல் வெளியே தள்ளும் புரதம் அவற்றுக்கு வேலை செய்யாது; ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து அதிகமானால் மயங்கி விழும். பீகிளை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அதனால்தான் இவ்வகை மருந்துகளைக் கோளாறுள்ள காலி நாய்களிலும் தனியாகச் சோதிக்கிறார்கள். நாய்களின் எண்ணிக்கையை மிகவும் குறைத்து எதையும் காட்டாத சோதனை செய்வதும் வதைதான், அந்த நாய்கள் பட்டதெல்லாம் வீண்.

11. இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்லயே பண்ணிடலாமே?

சிலவற்றை ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்கள். வளர்ப்பவரின் தோல் எரிச்சலுக்கு முயல் வேண்டாம், ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் படலம் போதும். கண்ணுக்கு இறைச்சிக்கூடத்திலிருந்து வாங்கும் மாட்டு விழிப்படலம். மருந்து செல் படலத்தைத் தாண்டுமா என்று பார்க்க எம்டிசிகே செல்கள். 1958-இல் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து இன்றுவரை பெருகிக்கொண்டிருப்பவை. நாய்க் குடலின் குட்டி மாதிரிகளையும் குடுவையில் வளர்க்கிறார்கள். கணினி மாதிரி இன்னொரு வகையில் கைகொடுக்கும்: ஒரு நாயிடம் பன்னிரண்டு தடவை ரத்தம் எடுப்பதற்குப் பதில், சிகிச்சைக்கு வரும் பல நாய்களிடம் இரண்டு இரண்டு தடவை எடுத்து, கணக்குப் போட்டு முழு வரைபடத்தையும் வரைந்துவிடலாம்.

வாந்தி, பசி, நடத்தை மாற்றம், ஆறு மாதத்தில் மெல்ல வரும் சிறுநீரகச் சேதம், 3-இல் பார்த்ததுபோல் எதிர்ப்புச்சக்தி குறைந்து வேறு கிருமி உள்ளே வருவது ஆகியவற்றைக் குடுவை காட்டாது. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் முன்வைத்த மூன்று வழிகள் (மாற்று, குறை, வலி தணி) இத்துறையின் பாலபாடம். செல்லப்பிராணி மருந்தில் இன்றைக்கு அதிகம் கைகூடுவது பின்னிரண்டும்தான்.

12. அப்போ டெஸ்ட் பண்ணாத இயற்கை மருந்து, இல்லைன்னா மனுஷங்க மாத்திரையையே கொடுத்துட்டா பாவம் இல்லையே?

சோதனை நின்றுவிடாது, உங்கள் வீட்டுக்கு இடம் மாறும். ஒரே நாய், ஒப்பிட வேறு குழு இல்லை, எழுதிவைப்பவர் இல்லை, செத்தாலும் அடுத்த நாய்க்குப் பாடம் இல்லை. டீ ட்ரீ எண்ணெய் இயற்கைதான். சொட்டுச் சொட்டாகத் தடவிய பூனைகள் நடுங்கிச் செத்திருக்கின்றன. பூண்டும் இயற்கைதான், அளவு மீறினால் நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

மாட்டுக்கான 1 விழுக்காடு ஐவர்மெக்டின் ஊசியை நாய்ச் சொறிக்குப் போடுவது நம் ஊரில் சாதாரணம். அதில் 1 மி.லி.க்கு 10 மி.கி. 5 கிலோ குட்டிக்கு 0.1 மி.லி. போட்டாலே கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். இதயப்புழுத் தடுப்புக்கு அனுமதித்த அளவு 6 மைக்ரோகிராம்தான். ஊசிக்குழலில் ஒரு கோடு தவறினால் அளவு இரட்டிப்பாகும். மெலாக்சிகாம் என்ற வலிமருந்தும் அப்படி. பூனைக்கு அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழந்து சாகலாம் என்று அமெரிக்காவில் 2010-இல் கட்டம்கட்டி எச்சரிக்கை போட்டார்கள். ஐரோப்பாவில் கிலோவுக்கு 0.05 மி.கி. என்ற குறைந்த அளவில் அதே மருந்துக்கு நீண்டகால அனுமதி உண்டு. இந்த வித்தியாசம் யாரோ அளந்து பார்த்ததால் தெரிந்தது.

அனுபவமுள்ள மருத்துவர் வேறு வழியில்லாமல் மனித மருந்தைக் கணக்கிட்டுத் தருவது இதில் சேராது. அது அவர் பொறுப்பேற்றுச் செய்வது.

13. நல்லா இருக்கிற விலங்கைக் கெடுக்காம, வியாதி வந்த விலங்குக்கே நேரா கொடுத்துப் பாக்கலாமே?

கொள்கையளவில் மிகச் சரி. எப்ஐபி என்ற பூனை நோய் வந்தால் முன்பெல்லாம் சாவு நிச்சயம். 2019-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு, ஜிஎஸ்-441524 என்ற மருந்தை இயற்கையாக நோய் வந்த 31 வீட்டுப் பூனைகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டது. 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன, பெரும்பாலானவை பிழைத்தன. சாகப்போகும் பூனைக்கு இழக்க ஒன்றுமில்லை என்பதால் இதில் அறச்சிக்கல் குறைவு. ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு: அதற்கு முந்தைய ஆண்டு ஆய்வகப் பூனைகளுக்கு வேண்டுமென்றே எப்ஐபி வைரஸைச் செலுத்தி, எந்த அளவு வேலை செய்கிறது என்று பார்த்திருந்தார்கள். 31 பூனைகளுக்குக் குருட்டாம்போக்கில் கொடுக்காமல் இருந்ததற்கு அது காரணம்.

பிறகு பல ஆண்டுகள் சட்டப்படி மருந்து கிடைக்காமல், உலகமெங்கும் பூனை வளர்ப்போர் கறுப்புச் சந்தைக் குப்பிகளை வாங்கித் தாங்களே 84 நாள் ஊசி போட்டார்கள். பிரிட்டனில் 2021-இலும் அமெரிக்காவில் 2024-இலும்தான் முறையான வழி திறந்தது. நல்ல மருந்தைச் சோதித்து அனுமதி வாங்க யாரும் முன்வராததும் ஒரு தீங்கு.

14. எங்க நாயை ஒரு டிரையல்ல சேர்க்கலாமான்னு டாக்டர் கேக்கறார். சேர்க்கலாமா?

சேர்க்கலாம், கையெழுத்துப் போடுமுன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு. மருந்து கிடைக்காத குழுவுக்கு என்ன தருவார்கள்: வெறும் மாத்திரையா, இப்போது வழக்கத்தில் உள்ள மருந்தா? எத்தனை தடவை ரத்தம், எவ்வளவு மி.லி., மயக்கம் கொடுத்து ஏதாவது செய்வார்களா? பக்கவிளைவு வந்தால் நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது, செலவு யாருடையது? நடுவில் விலகினால் அபராதமோ சிகிச்சை மறுப்போ உண்டா? உண்டு என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். நாய் செத்துவிட்டால் உடற்கூறாய்வுக்குச் சம்மதம் கேட்பார்கள், அதற்கும் முன்பே விடை யோசித்து வையுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வேறு எந்த மருந்தையும், பக்கத்து வீட்டார் சொன்ன எண்ணெயையும், சொல்லாமல் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மாத்திரையைத் துப்பிவிட்டால் அதையும் எழுத வேண்டும். நாள்குறிப்பைச் சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து நிரப்புவதுதான் இத்தகைய ஆய்வுகளைக் கெடுக்கும் முதல் காரணம்.

15. வலி இருக்கிற நாய்க்குப் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையா? இது அநியாயம் இல்லையா?

வெறும் மாத்திரைக் குழு ஏன் வேண்டியிருக்கிறது என்றால், ஏமாறுவது நாயல்ல, நாம். மூட்டுவலி நாய்களின் நடையைத் தரையிலுள்ள விசைத்தட்டில் அளந்து பார்த்த ஒரு ஆய்வில், வெறும் மாத்திரை வாங்கிய நாய்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு தடவை வளர்ப்பவர் “பரவாயில்லை, தேறியிருக்கிறது” என்றார். காலின் அழுத்தம் மாறவே இல்லை. மருத்துவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏமாந்தார்கள்.

அதற்காக நாயை வலியில் விடக் கூடாது. நல்ல திட்டத்தில் மீட்பு மருந்து இருக்கும்: வலி மதிப்பெண் ஒரு எல்லையைத் தாண்டினால், அல்லது நீங்கள் கேட்டாலே, குழு எதுவானாலும் நிச்சயமான வலிமருந்து உடனே. அந்த நாய் “மருந்து வேலை செய்யவில்லை” என்று கணக்கில் சேரும், அவ்வளவே. அறுவைக்குப் பிந்தைய வலிக்கு ஏற்கெனவே நல்ல மருந்துகள் இருக்கும்போது மீட்பு ஏற்பாடில்லாத வெறும் மாத்திரைக் குழுவை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்கக் கூடாது.

16. டெஸ்ட் முடிஞ்ச நாய்ங்க என்ன ஆகும்? தத்து எடுக்கலாமா?

2-இலும் 8-இலும் சொன்ன அறுத்துப் பார்க்கும் சோதனை, 9-இல் சொன்ன வெறிநோய்ச் சோதனை தவிர மற்றவற்றில் நாய் உயிரோடிருக்கும். அதை மறுபடி வேறு சோதனைக்கு வைக்கலாம், அல்லது விடுவிக்கலாம். இந்தியாவில் பிந்தைய பராமரிப்பும் மறுவாழ்வும் ஆய்வு செய்தவர் பொறுப்பு, அந்தச் செலவு ஆய்வுச் செலவிலேயே சேர வேண்டும் என்பது கண்காணிப்புக் குழுவின் நிலை. 2022-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஆய்வகங்களுக்காக பீகிள் வளர்த்த என்விகோ நிறுவனத்தின் பண்ணையிலிருந்து ஏறத்தாழ 4,000 நாய்கள் விடுவிக்கப்பட்டு வீடுகளுக்குப் போயின. 2024-இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3.5 கோடி டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது.

தத்தெடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது: கூண்டில் வளர்ந்த நாய்க்கு மாடிப்படி, புல், மிக்சி சத்தம் எல்லாம் புதுசு. வெளியே மலம் கழிக்கப் பழக மாதங்கள் ஆகும். தனியாக விட்டால் பதறும். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால் அதைப் பார்த்துச் சீக்கிரம் பழகும்.

17. ‘க்ரூயல்ட்டி ஃப்ரீ’ன்னு போட்ட மருந்தா பாத்து வாங்கலாமா?

ஷாம்புவுக்கு அந்த முத்திரைக்குப் பொருள் இருக்கலாம். முறையாக அனுமதி பெற்ற நாய் மருந்து நாயில் சோதிக்கப்பட்டதாகவே இருக்கும். சோதிக்கவே இல்லை என்றால் ஒன்று அது மருந்தல்ல, அல்லது 12-ஐ மறுபடி படியுங்கள்.

பழைய மருந்தின் காப்புரிமை முடிந்தபின் வரும் மலிவுப் பதிப்பு, மொத்தச் சோதனையையும் மறுபடி செய்வதில்லை. மூல மருந்தோடு ரத்த அளவு ஒத்துப்போகிறதா என்று சில பத்து நாய்களில் பார்த்தால் போதும். இந்தக் கணக்கில் கவலைப்படுபவருக்கு அது மேலான தேர்வு.

18. “எல்லாம் நாய்ங்களோட நன்மைக்குத்தான்”னு சொல்றாங்களே, அதை ஒத்துக்கலாமா?

பாதிதான். ஆய்வகத்து பீகிளுக்கு உங்கள் லேப்ரடாரின் மூட்டுவலி தீர்வதால் எந்த நன்மையும் இல்லை. ‘நாய்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுவிட்டால் ஒன்றின் இழப்பு மற்றதன் லாபத்தில் மறைந்துபோகும். பீகிள் சம்மதிக்கவில்லை, சம்மதிக்கவும் முடியாது. லேப்ரடாருக்காகச் சம்மதிக்க நீங்கள் இருக்கிறீர்கள். பீகிளுக்காகப் பேச நெறிமுறைக் குழுவில் ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் உட்காருபவர் வாய் திறந்தால்.

அப்படியானால் எல்லாச் சோதனையும் ஒரே தராசிலா? இல்லை. வெறிநோய்த் தடுப்பூசிச் சோதனையில் சாகும் நாய்கள் சில பத்து. அதனால் காக்கப்படுபவை கணக்கில் அடங்கா நாய்களும் மனிதர்களும். ஐந்தாவது கம்பெனியின் ஐந்தாவது புழு மாத்திரை, வாயில் போட எளிதான கோழி வாசனையோடு வருவதற்கு அறுபடும் நாய்களும் சில பத்துதான். முன்னதை மனம் கசந்து ஏற்கலாம். பின்னதை ஏற்க எங்களால் ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை.

19. மாட்டு மருந்தால பாறு கழுகு அழிஞ்சுதாமே. அப்ப இன்னும் அதிக விலங்குல டெஸ்ட் பண்ணியிருக்கணுமோ?

டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து மாட்டுக்குப் பாதுகாப்பானது. அது வாங்கிச் செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளோ சிறுநீரகம் பழுதாகி விழுந்தன. காரணம் 2004-இல் வெளிவந்தது. 2006-இல் இந்தியா கால்நடைக்கு அதைத் தடை செய்தது. மாற்றாக மெலாக்சிகாம் சரி என்று சொல்வதற்கு முன், அதை ஆப்பிரிக்கக் கழுகுகளுக்கும் பிறகு இந்தியக் கழுகுகளுக்கும் கொடுத்தே பார்த்தார்கள். கழுகைக் காக்கக் கழுகில் சோதனை.

இதே வரிசையில் அசெக்ளோஃபெனாக்குக்கு ஒரு கழுகையும் தொடவில்லை. மாட்டுக்குக் கொடுத்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அது மாட்டின் உடலிலேயே டைக்ளோஃபெனாக்காக மாறுவது தெரிந்தது. அதற்கு மேல் நிரூபிக்க ஒன்றுமில்லை. 2023-இல் அதுவும் கீட்டோப்ரோஃபெனும் தடையாயின. தெரிந்த வேதியியலை வைத்துச் சோதனையைத் தவிர்ப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

20. மருந்து கொடுத்து எங்க நாய்க்கு ஏதோ ஆயிடுச்சு. யாருகிட்ட சொல்றது, சொல்லி என்ன ஆகப்போகுது?

10-இல் பார்த்த 30,000 நாய்க் கணக்கு இப்படிச் சொல்பவர்களால்தான் நிரம்பும். வேறு வழி இல்லை. முதலில் சிகிச்சை தந்த மருத்துவரிடம், பிறகு அட்டையில் முகவரி போட்டிருக்கும் தயாரிப்பாளரிடம் எழுத்தில். கடுமையானதென்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும்.

அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கும். அன்றைக்கு நாயின் எடை, எத்தனை மி.கி., எந்த நேரம், எவ்வளவு நேரம் கழித்து என்ன தொடங்கியது, கூடவே வேறு என்ன மருந்து, முன்பு இதே மருந்து கொடுத்திருக்கிறீர்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். வலிப்பு, தள்ளாட்டம், முகவீக்கம் என்றால் செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும்.